இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

ஜூன் 8, ஞாயிறு

என் வாயாடிக்கு,

மூன்றாவது பல்கலைக்கழகமும் பதில் போட்டுவிட்டது. "எங்கள் முனைவர் பட்டத் திட்டம் மிகவும் நெகிழ்வானது" என்பது முதல் வரி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் முதல் வருடம் முழுக்க தினமும் காலை பத்து மணிக்குத் துறையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நான்காவது வரி. பத்து மணிக்கு அங்கே கையெழுத்துப் போடுகிறவள் எட்டு மணிக்கு பஸ் டிப்போவில் எப்படிக் கையெழுத்துப் போடுவாள் என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. அதற்கு முன்னால் எழுதிப் போட்ட பல்கலைக்கழகம் நேரில் வரவே வேண்டாம் என்றது. பதினோரு மாதத்தில் பட்டம். ஆய்வேட்டையும் அவர்களே எழுதித் தருவார்களாம். அப்படியானால் நான் எதற்கு என்று உன் அத்தானிடம் கேட்டேன். "அங்கி மாட்டிக்கிட்டு போட்டோவுக்கு நிக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார்.

எல்லோரும் நெகிழ்வு என்றுதான் போடுகிறார்கள். வளைய வேண்டியது யார் என்பதை மட்டும் யாரும் போடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற பைண்டிங் கடைக்கு எதிரே இருக்கிற பல்கலைக்கழகத்தில், கணிதத் துறையில், ஒரு பேராசிரியை பகுதிநேர மாணவர்களை எடுக்கிறாராம். வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும். ஐந்து மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் மின்னஞ்சலே பார்ப்பதில்லையாம். வியாழக்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணிவரை அறைக் கதவைத் திறந்து வைத்திருப்பார்; யார் வந்தாலும் பார்ப்பார்; கையில் கொடுத்த தாளை மட்டும் படிப்பார் என்கிறார்கள். எனக்கு வியாழக்கிழமை வர வழியில்லை. அன்றுதான் அடுத்த வாரத்து டூட்டிப் பட்டியலை ஒட்டுகிறோம். படிப்பில் சேர்ந்துவிட்டால் வாரம் ஒரு நாள் விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், சேர்வதற்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட விடமாட்டார்கள். அந்தத் தடையில்லாச் சான்றை வாங்கவே பதினான்கு மாதம் ஆயிற்று. டிசம்பர் 31 வரைதான் அது செல்லும்.

இதோடு பத்துப் பக்கம் வைத்திருக்கிறேன். நான் தினமும் செய்கிற வேலையைப் பற்றியதுதான். ஒரு டிரைவர் வரவில்லையென்றால் அவர் வண்டியை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம். அந்த இன்னொருவரின் வண்டி காலியாகிறது. அதற்கு வேறொருவர். கடைசியில் உபரியாக உட்கார்ந்திருக்கும் ஸ்பேர் டிரைவர் வரை போய் நிற்கிறது. ஒரே ஒருவர் வராததால் எத்தனை பேருடைய நாள் கலைகிறது? மூன்று பேருக்கு மேல் கலையாதபடி பட்டியல் போட முடியும் என்று நிரூபித்திருக்கிறேன்.

நீ சாலையைக் கடக்க வேண்டும். மூன்று மாடி ஏற வேண்டும். தாளைக் கொடுத்து, "பகுதிநேரத்துக்கு இடம் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், போனில் நீ மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும். எழுத்தில்தான் நீ வாயாடி.

அக்கா


ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பத்துப் பக்கமும் வந்தது. கசங்கவில்லை. பசை படாத டிராயரில் வைத்திருக்கிறேன்.

கடையில் இது ஆய்வேடு வரும் காலம். முதலாளியம்மா முன்னால் நின்று நகல் எடுக்கிறார். நான் பின்னால் பைண்டிங். தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்து, ஊசி குத்தி, நூல் கோத்து, முதுகில் பசை தடவி, அட்டையைப் போட்டு அழுத்துபலகைக்குள் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் முதுகு விரியும். ஒவ்வொருவரும் ஐந்து பிரதி போடுகிறார்கள். வாங்க வருகிறவர்கள் உள்ளே ஒன்றும் படிப்பதில்லை. அட்டையில் தங்கள் பெயர் பொன்னெழுத்தில் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். "இவ பேசமாட்டா, ஆனா தப்பு பண்ணமாட்டா" என்று முதலாளியம்மா எல்லோரிடமும் சொல்கிறார். இரண்டையும் பாராட்டாகத்தான் சொல்கிறார்.

உன் பக்கங்களைப் படித்தேன். பாதி புரியவில்லை. படங்கள் புரிந்தன. புள்ளி என்றால் டிரைவர், ஒருவர் வண்டியை இன்னொருவர் ஓட்டத் தெரிந்தால் நடுவில் ஒரு கோடு. அட்டையில் குண்டூசி குத்தி நூல் கட்டிப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஏழு ஊசி வட்டமாக இருக்கிறது, அதில் ஒன்று ஸ்பேர் டிரைவர். யார் வராவிட்டாலும் மூன்று பேரோடு நிற்கிறது. நீ சொன்னது சரி. ஆனால் நான் தெரியாமல் ஒரு ஊசி கூடுதலாகக் குத்திவிட்டேன். எட்டு ஊசி வட்டத்தில், ஸ்பேருக்கு நேர் எதிரே இருப்பவர் வராவிட்டால் எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் நாலு பேர் ஆகிறது. எனக்குத்தான் புரியவில்லை என்று நினைக்கிறேன். நேரம் இருந்தால் சொல்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சாலையைக் கடந்தேன். முதல் மாடி வரை போனேன். மேலேயிருந்து நிறையப் பேர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அவர்களுக்கு வழி விட்டேன். வழி விட்டுக்கொண்டே கீழே வந்துவிட்டேன். அடுத்த வியாழன் போகிறேன்.

உன் தங்கை


ஜூன் 29, ஞாயிறு

வாயாடி,

பாப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று பரவாயில்லை. அவள் தூங்கும்போது எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

இரண்டு வியாழக்கிழமை போய்விட்டன. என்ன சொன்னார்? இடம் இல்லை என்றால்கூடச் சொல்லிவிடு. இல்லை என்பதைக் கேட்டுப் பழகிவிட்டேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அலுப்பாக இருக்கிறது. டிப்போவில் ஒரு டிரைவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் வேறு ஏற்பாடு செய்வேன். சொல்லாமல் நின்றுவிடுகிறவர்தான் என் நாளைக் கெடுக்கிறவர்.

ஏழாம் பக்கத்தைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாய். ஊசி, நூல் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் ஏதாவது தோன்றும். அது வேறு, நிரூபணம் வேறு. அதை விடு. மாடி ஏறுகிற வேலையைப் பார்.

அக்கா


ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு உடம்பு தேறியதா? அவள் வரைந்து அனுப்பிய பூனையைப் பசைப் பானைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். முதலாளியம்மா அதை எருமை என்கிறார்.

பேராசிரியை விடுப்பில் இருக்கிறாராம். ஆகஸ்டில்தான் வருவாராம். வந்ததும் கொடுக்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாயாடிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. உன் மேல் கோபமில்லை. எதன் மேலும் கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு இல்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். மேலாளர் கூப்பிட்டு, "இந்த நாற்காலிக்கு வந்துட்டா வாரம் ஒரு நாள் படிப்பு, பரீட்சைன்னெல்லாம் போக முடியாது, யோசிச்சுக்கம்மா" என்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பதவியா, படிப்பா. அத்தான் உன் இஷ்டம் என்கிறார். உன் இஷ்டம் என்று சொல்கிறவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்கு முப்பத்தோரு வயது. எம்.எஸ்சி. முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்தப் பத்துப் பக்கத்தை நான்கு வருடமாக, பழைய டூட்டிப் பட்டியல்களின் முதுகில் எழுதினேன். இதுவரை ஒருவர்கூட அதை முழுதாகப் படித்ததில்லை. படித்துவிட்டுக் குப்பை என்று சொன்னால் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

பேராசிரியை இப்போது வந்திருப்பார். கடைசியாக ஒரு முறை கேட்கிறேன். அவர் கைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா


ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பத்துப் பக்கம் இந்த வாரம் அவர் கைக்குப் போய்விடும். உறுதி. எப்படி என்று கேட்காதே. நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிடு.

நாற்காலி பற்றிய அந்தக் கடைசி வரியை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன் தங்கை


செப்டம்பர் 3, புதன்

என் தங்க வாயாடிக்கு,

சாப்பாட்டு இடைவேளையில், டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மேலாளரிடம் போய், "சார், எனக்கு நாற்காலி வேண்டாம்" என்றேன். அவர், "நிக்கப் போறியா?" என்றார். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். நாற்காலியை எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை.

நீயா மாடி ஏறினாய்? உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கையில் கொடுத்தாயா? என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே.

அக்கா


செப்டம்பர் 7, ஞாயிறு

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியை விடுப்பில் போகவே இல்லை. எல்லா வியாழக்கிழமையும் இருந்தார். நான்தான் போகவில்லை. ஒருமுறை மூன்றாவது மாடி வரை போய், திறந்த கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன். உள்ளே அவர் யாரையோ, "கேள்வி என்னன்னு சொல்லுங்க, கதை வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒருவர் ஆய்வேடு கட்டக் கொடுத்தார். வங்கியில் குமாஸ்தா. அதே பேராசிரியையிடம் பகுதிநேரமாக ஒன்பது வருடம் படித்தவர். ஐந்து பிரதி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு பிரதியின் மேல் 'நெறியாளர் பிரதி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அது நேராக அவர் மேசைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். அந்தப் பிரதியில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு, உன் பத்துப் பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் தைத்தேன். வித்தியாசமே தெரியாது.

ஐந்தையும் முதலில் பல்கலைக்கழக அலுவலகத்தில் பக்கம் எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணுகிறாராம். நான்கில் 212, ஒன்றில் 222. கணக்கு ஒத்துவரவில்லை என்று ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றுதான் கடைசி நாள், ஆகஸ்ட் 29. மாலை நான்கே முக்காலுக்கு வங்கிக்காரர் கடைக்கு ஓடி வந்தார். பிரித்துத் தைக்கலாம், ஆனால் பசை காய ஒரு நாள் வேண்டும். பலகைக்குள் ஒரு நாள் வைக்க வேண்டும் என்று உனக்கு எழுதினேனே, அதுதான். அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "கோபப்படவும் தெம்பு இல்லம்மா" என்றார். நீ எழுதிய அதே வார்த்தை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பேசத் தெரியாத பொண்ணுன்னு நினைச்சேன். பத்துப் பக்கம் பேசிட்டா" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசையில், வங்கிக்காரர் கொண்டுபோய்க் கொடுத்திருந்த அந்தப் பிரதி கடைசிப் பக்கங்களில் திறந்து கிடந்தது.

"இது யார் வெச்சது?"

நான் பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினேன்.

"வாய் இல்லையா?"

வாய் வரவில்லை அக்கா. அவர் ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். 'நான். என் அக்கா எழுதியது. பகுதிநேரத்துக்கு இடம் இருக்கிறதா?' என்று எழுதினேன். மூன்று மாதமாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் படித்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

நீ அப்படியே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

"படிச்சேன். பத்துப் பக்கமும் படிச்சேன். ஏழாம் பக்கம் தப்பு. ஏழு பேருக்குப் படம் போட்டுட்டு, 'இப்படியே எத்தனை பேருக்கும், இது வெளிப்படை'ன்னு எழுதியிருக்காங்க. எட்டுப் பேர் வட்டமா நின்னா என்ன ஆகும்? ஆனா கேள்வி நல்ல கேள்வி. இந்த மாதிரி கேள்வி பஸ் டிப்போவுலேர்ந்துதான் வரும், இங்கேர்ந்து வராது." பிறகு வங்கிக்காரருடைய பிரதியை விரலால் தட்டிச் சொன்னார்: "என்கிட்ட பகுதிநேரத்துக்கு ரெண்டே இடம். ஒண்ணு இவரோடது. இவர் சமர்ப்பிச்ச அன்னைக்கு அது காலி. ஆகஸ்ட் 29 அன்னைக்குக் காலி ஆகியிருக்கணும். இனி ஜனவரியிலதான் அடுத்த தேதி."

உன் சான்று டிசம்பரோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

நாற்காலி வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதும் தெரியும். நான்தான் சொல்லச் சொன்னேன்.

உன் தங்கை


செப்டம்பர் 18, வியாழன்

உன் கடிதம் கிடைத்தது.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ போகவில்லை என்று ஜூனில் ஒரு வரி எழுதியிருந்தால் வேறு யாரையாவது பிடித்திருப்பேன், ஒருநாள் லீவு போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு நானே வந்திருப்பேன். பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் செய்தாய். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வாசிக்கவும் இல்லை. பெஞ்சு மேல் ஏறி நின்றாய். பிறகு போவதையே நிறுத்திவிட்டாய். எல்லோரும் உன்னைச் சுற்றி ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டோம்.

புதுத் தலைவர் இன்று என்னைக் கூப்பிட்டுப் பட்டியல் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை.

கொஞ்ச நாள் எழுதாதே.


அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா,

எழுதாதே என்றாய். பதினேழு நாள் எழுதவில்லை. இன்று ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அது எல்லா வரியிலும் வந்து நிற்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் சொல்லாமல் நிற்கவில்லை. உனக்கு எழுதினேன். நீ அப்போது விடுதியில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாய். பெஞ்சு மேல் நிற்க வைக்கிறார்கள், வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, சிரிக்கிறார்கள், நீ வந்து டீச்சரிடம் சொல் என்று மூன்று பக்கம் எழுதினேன். நீ பதில் போட்டாய். உன் பரீட்சைத் தேதியும், ஒரு பேனா வாங்கி வைத்திருப்பதும் அதில் இருந்தன. பேனா நல்ல பேனா. இப்போதும் அதில்தான் எழுதுகிறேன். குற்றம் சொல்லவில்லை. நீ எனக்குப் பதில் போடுகிறாய், நான் எழுதியதற்குப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது காரணம். வங்கிக்காரருடைய அந்தப் பிரதியைப் பிரித்து மறுபடி தைத்தேன். அதை வாங்க வந்தபோது அவர் ஒரு விதி இருப்பதாகச் சொன்னார். தவறு மாணவருடையதும் இல்லை, நெறியாளருடையதும் இல்லை என்றால் பழைய தேதியையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தவறு செய்தவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு முன்னால் நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாதா என்று எழுதிக் கேட்டேன். செல்லாதாம். முன்பு யாரோ கடைக்காரர்கள் பெயரில் பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய தேதி கிடைத்தால் இடம் உடனே காலி. டிசம்பருக்கு முன்னால்.

குழு 16ஆம் தேதி வியாழக்கிழமை கூடுகிறது. ஏழு பேர். வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். என்னை நம்பி எதையும் செய்யாதே. போன தடவை மாதிரி முன்கூட்டி எதுவும் சொல்லமாட்டேன்.

உன் தங்கை


அக்டோபர் 19, ஞாயிறு

அக்கா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஒரு மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான், வங்கிக்காரர், முதலாளியம்மா. முதலாளியம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூடக் கடையைப் பூட்டாதவர். வங்கிக்காரர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். "ஒன்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு மூணு மணி நேரம் என்னம்மா" என்றார். அவருக்குப் படிப்பில் சேரும்போது தலையில் முடி இருந்ததாம்.

உள்ளே நீள மேசை. ஏழு பேர். பேராசிரியையும் இருந்தார். ஆனால் என்னைத் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர், "சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார்.

வாய் திறந்தேன். காற்று வந்தது.

அவர் மறுபடி கேட்டார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வங்கிக்காரர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் செருப்பைத் தரையில் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பள்ளிக்கூடப் பெஞ்சு ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உன் டிப்போவில் சொல்லாமல் நின்றுவிடுகிற டிரைவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்காக மூன்று பேர், இல்லை நான்கு பேர், வண்டி மாறி ஏறுகிறார்கள்.

"நான்தான் தெச்சேன்" என்றேன்.

சத்தமாக வரவில்லை. ஆனால் வந்தது. ஒருவர் எழுதிக்கொண்டார். இவ்வளவு போதும் என்றுதான் நினைத்தேன். நடுவில் இருந்தவர் விடவில்லை.

"அடுத்தவர் ஆய்வேட்டுல எதுக்கும்மா தைக்கணும்?"

"அக்கா எழுதினது" என்றேன். "யாரும் படிக்கல."

பிறகு வெளியே போகச் சொன்னார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலாளியம்மா, "இதுக்குத்தானா கடைக்கு வந்த ஒன்றரை வருஷமா வார்த்தையைச் சேர்த்து வெச்சே?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

பழைய தேதியைக் கொடுத்துவிட்டார்கள். வங்கிக்காரருடைய சமர்ப்பிப்பு ஆகஸ்ட் 29 என்றே பதிவாகிறது. பேராசிரியை படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே சொன்னார்: "விண்ணப்பத்தை நவம்பர் பத்துக்குள்ள போடச் சொல்லு. ஏழாம் பக்கத்தைச் சரி பண்ணிட்டுப் போடச் சொல்லு."

எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை அக்கா. தூக்கம்தான் வந்தது. கடைக்கு வந்து பலகைக்குப் பக்கத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

உன் தங்கை


நவம்பர் 9, ஞாயிறு

என் வாயாடிக்கு,

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று பதிலும் வந்துவிட்டது. டிசம்பர் முதல் வியாழக்கிழமையிலிருந்து வர வேண்டும். பட்டியல் ஒட்டுகிற நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டோம். புதுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். பட்டியலைப் பிசகில்லாமல் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் சுளித்ததோடு நிறுத்திக்கொண்டார். பஸ்ஸில் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், நடுவில் அந்தக் கதவு திறந்திருக்கிற ஒரு மணி நேரம். இப்படி ஐந்து வருடமோ, வங்கிக்காரர் மாதிரி ஒன்பது வருடமோ. நாற்பது வயதில் முடிப்பேன். அத்தான், "முடிக்கலைன்னாலும் நாற்பது வயசு வரத்தானே போகுது" என்றார். முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

எனக்கும் சந்தோஷமாக இல்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு அலுப்பு. மூட்டையை இறக்கி வைத்த பிறகு தோளில் இருக்குமே, அது.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. ஏழாம் பக்கம் தப்பு என்று தெரிந்ததும் கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். எட்டுப் பேரை வட்டமாக வரைந்தேன். நாலு பேர் கலைகிறார்கள். இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. பீரோவில் தேடி உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தேன். அதிலேயே இருக்கிறது. எட்டு ஊசி, நேர் எதிரே, எந்தப் பக்கம் சுற்றினாலும் நாலு. முன்பு வேலைக்கு ஆகாதென்று நினைத்துத் தாண்டிப் போன வரிகள். "நேரம் இருந்தால் சொல்" என்றும் கேட்டிருக்கிறாய். நான் மாடி ஏறச் சொன்னேன்.

உன் ஒன்பதாம் வகுப்புக் கடிதத்தையும் தேடினேன். கிடைக்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

யாரும் படிக்கவில்லை என்று ஏழு பேர் முன்னால் சொன்னாயே, அந்த 'யாரும்' என்பதில் முதல் ஆள் நான். நீ என் பத்துப் பக்கத்தைப் படித்தாய், ஊசியும் நூலும் வைத்து. உன் மூன்று பக்கத்தை நான் படிக்கவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுத வரவில்லை. நேரில் கேட்டாலும் நீ பதில் சொல்லப்போவதில்லை.

வட்டத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு நூல் கட்டினால் போதும் என்று நினைக்கிறேன். ஸ்பேர் டிரைவருக்கு எதிரே இருப்பவரின் வண்டியும் ஓட்டத் தெரிந்திருந்தால் எட்டுப் பேரானாலும் மூன்றைத் தாண்டாது. அதை விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். ஒன்பது, பத்து என்று போனால் எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'வெளிப்படை' என்று இந்த முறை எழுதவில்லை.

டிசம்பர் 4, முதல் வியாழக்கிழமை, ஒரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். மூன்று மணிக்குத்தான் மாடி ஏற வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வை. அட்டையும் பத்து ஊசியும் நூலும் எடுத்து வை. பத்துப் பேர் வட்டமாக நின்றால் குறுக்கு நூலை எங்கே கட்ட வேண்டும் என்று காட்டு.

பேச வேண்டாம்.

அக்கா